ஜனவரியில் வரும் புது டாக்டர்களுக்காக: தென்னாப்பிரிக்காவின் தமிழ் மூத்த மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயாமார், அம்மாமார், அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும்,

வணக்கம்.

குவாசுலு-நட்டால் மாகாணத்தின் அரசு மருத்துவமனைகளில் துறைத் தலைவர்களாகவும் கன்சல்டன்ட்களாகவும் சீனியர் மெடிக்கல் ஆபீசர்களாகவும் இருக்கும் தமிழ் மருத்துவர்களுக்கு இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இங்கே குடும்பம் குட்டியோடு நிலைத்துவிட்டவர்கள் நாம். இங்கேயே பிறந்த பிள்ளை, நாயுடு, மூட்லி குடும்பத்து டாக்டர்களிடம் இதே விஷயத்தை ஆங்கிலத்தில் நேரிலேயே பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் நமக்குள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று இதில் இருக்கிறது. அதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன்.

ஜனவரி 1ஆம் தேதி நம் வார்டுகளுக்குப் புது இன்டர்ன்களும் (படிப்பு முடித்து இரண்டு வருடப் பயிற்சியில் இருப்பவர்கள்), அதை முடித்துக் கட்டாய சமூக சேவை ஆண்டில் இருக்கும் டாக்டர்களும் வந்து சேருகிறார்கள். வந்த அன்றே, அல்லது மறுநாளே, அவர்களில் சிலருக்கு இரவு டியூட்டி விழுகிறது. எனக்கு இருக்கும் கோரிக்கை இதுதான்: முதல் இரண்டு வாரம் ஒருவரையும் இரவில் தனியாக விடாதீர்கள். கூடவே ஒரு ஆள் நிற்கட்டும். அந்த ஆள் யார் என்று பெயரோடு ரோட்டாவில், அதாவது டியூட்டி அட்டவணையில், இருக்கட்டும்.

இப்போது நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். பெரிய ஹாலில் உட்கார வைக்கிறோம். மனிதவளப் பிரிவு, பென்ஷன், தீயணைப்பு, தொற்றுத் தடுப்பு என்று ஒவ்வொருவராக வந்து ஸ்லைடு போடுகிறார்கள். அந்தப் பேச்சுகளில் தேவையானவையும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். சம்பளப் பதிவுக்கான பெர்சால் எண் கிடைக்குமா, ஜனவரிச் சம்பளம் வருமா, இன்று இரவு ஆன்-கால் யார் என்ற மூன்று கேள்விதான் அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் அந்த ஹாலில் பதில் கிடைப்பதில்லை.

ஜனவரி மாதமே மோசமான மாதம். முதல் தேதி பொது விடுமுறை. புத்தாண்டு இரவின் கத்திக்குத்தும் கார் விபத்தும் கேஷுவல்டியில் இன்னும் தீர்ந்திருக்காது. நம்மில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்போம். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக வேறு எப்போது நேரம் கிடைக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருடம் வார்டைத் தாங்கிப் பழகிய இன்டர்ன்கள் டிசம்பர் 31ஆம் தேதியோடு கிளம்பிவிடுகிறார்கள். அனுபவம் மொத்தமும் ஒரே இரவில் வெளியேறுகிறது. இங்கிலாந்தில் இதே மாற்றம் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை நடக்கும். இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2000 முதல் 2008 வரையிலான அவசர அனுமதிகளை எடுத்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள்: ஜூலையின் கடைசிப் புதன்கிழமை சேர்ந்த நோயாளிகளோடு ஒப்பிட்டால், ஆகஸ்ட் முதல் புதன் சேர்ந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு 6 சதவீதம் அதிகம். சின்ன வித்தியாசம்தான், காரணம் புது டாக்டர்கள்தான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த நாடு அதைச் சும்மா விடவில்லை. 2012 முதல், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு நாள் சம்பளத்தோடு, வெளியேறப் போகிறவரின் கூடவே நின்று வேலையைப் பார்த்துக் கற்ற பிறகுதான் பொறுப்பேற்கிறார். நாம் நாலு நாள் கூட வேண்டாம் என்கிறோமா?

எங்கள் துறையில் இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். இதற்குப் பணம் ஒன்றும் செலவாகவில்லை. முதல் வாரத்திலேயே ஒரு நாள், இரவு எட்டு மணிக்கு மேல், புதிதாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வார்டு வார்டாக நடக்கிறோம். கூட்டிப் போகிறவர் கன்சல்டன்ட் கிடையாது. இன்டர்ன்ஷிப்பின் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்ட ஒருவரும், இரவு டியூட்டி சிஸ்டர் ஒருவரும். பகலில் திறந்திருக்கும் கதவுகளில் பாதி இரவில் பூட்டியிருக்கும். மெடிக்கல் வார்டிலிருந்து கேஷுவல்டிக்கு எக்ஸ்ரே பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். கட்டிலோடு ஏறக்கூடிய லிஃப்ட் ஒன்றே ஒன்று. அது நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? அவசர ஓ நெகட்டிவ் ரத்தம் எந்த ஃப்ரிட்ஜில், எடுத்தால் எந்த நோட்டில் எழுத வேண்டும்? பிளட் காஸ் மெஷின் எங்கே, அது கேட்கும் எண்ணை யார் கொடுப்பார்கள்? மார்பின் அலமாரிச் சாவி எந்த சிஸ்டரிடம், பதிவேட்டில் இரண்டாவது கையெழுத்து யாருடையது? இதையெல்லாம் நடந்துகொண்டே பார்க்கிறார்கள்.

எமர்ஜென்சி ட்ராலியை அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்கிறோம். சீலை உடைத்து, ஒவ்வொரு இழுப்பறையாக. அட்ரினலின் எங்கே, 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் எங்கே, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை எங்கே. லாரிங்கோஸ்கோப்பில் பிளேடை மாட்டி விளக்கு எரிகிறதா என்று பார்க்க வைக்கிறோம். டிஃபிப்ரிலேட்டரைப் போட்டு, பேடில்களைக் கையில் எடுத்து, எந்தப் பொத்தான் முதலில் என்று சொல்ல வைக்கிறோம். முதல் தடவை ஒவ்வொருவரும் தடுமாறுவார்கள். ஒரு பெண் அட்ரினலின் இருந்த தட்டை மூன்று தடவை கையால் தாண்டிப் போனாள்; லேபிள் வேறு நிறத்தில் இருந்தது, அவள் படித்த மருத்துவமனையில் வேறு நிறம். அந்தத் தேடல் நோயாளி இல்லாத நேரத்தில் நடந்தது நல்லதாயிற்று. கடைசியில் சிஸ்டர் எல்லாவற்றையும் சரிபார்த்துப் புது சீல் போடுவார். அவர் அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அப்போதுதான். பிறகு ஒரு மாதத்துக்கு அவர்களுக்கு அந்த வார்டில் ஒரு ஆள் இருக்கிறது.

ஊசி குத்திக்கொள்ளும் விஷயத்தை அந்த நடையிலேயே சொல்லிவிட வேண்டும். எச்ஐவி மிக அதிகமாக இருக்கும் மாகாணங்களில் ஒன்றில் வேலை செய்கிறோம். அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ரத்தம் எடுக்கும்போது ஊசி கையில் ஏறிவிடும், யாருக்கும் நடக்கும். நடந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை, தொடங்கினால் 28 நாள் போட வேண்டும் என்று பரீட்சையில் எல்லோரும் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த மருந்துப் பொட்டலம் இரவில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சீனியரிடம் சொன்னால் கவனமில்லாதவள் என்று நினைப்பாரோ என்ற கூச்சம் வேறு. பாதி வார்டு வேலை பாக்கி. சரி, காலையில் பணியாளர் கிளினிக் திறக்கட்டும் என்று ஒட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுவார்கள். ஆறேழு மணி நேரம் போய்விடும். தயவுசெய்து உங்கள் துறையில் அந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று இன்றே போய்ப் பாருங்கள். தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஊசி குத்தினால் அந்த நிமிடமே வேலையைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று துறைத் தலைவர் வாயிலிருந்தே அவர்கள் கேட்க வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, அதையும் நாம் மறந்துவிடுகிறோம். டர்பனிலேயே படித்து, கிங் எட்வர்ட், ஆர்.கே. கான் மருத்துவமனைகளில் மாணவராகச் சுற்றித் திரிந்த பிள்ளைக்கு இந்த ஊர் தண்ணீர் பட்ட பாடு. லிம்போபோவிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் வெண்டா மொழி, இங்கே நோயாளி பேசுவது ஜூலு. மண்டேலா-காஸ்ட்ரோ திட்டத்தில் கியூபா போய் ஸ்பானிய மொழியில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அடிப்படை நோயறிதலில் அவர்களில் சிலர் கெட்டிக்காரர்கள், ஆனால் இங்குள்ள வார்டுப் படிவங்களும் மருந்துப் பெயர்களும் கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். வெளிநாட்டில் படித்து வந்த மெடிக்கல் ஆபீசர்கள் இருக்கிறார்கள், நாம் ஒரு காலத்தில் இருந்த மாதிரியே. 'குபுஹ்லுங்கு குபி', எங்கே வலிக்கிறது, என்று கேட்கக் கற்றுக்கொள்ள நமக்கு எவ்வளவு நாள் ஆயிற்று? யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று முன்கூட்டியே ஒரு பட்டியலைப் பார்த்தால், மொழி தெரிந்தவரோடு தெரியாதவரை ஜோடி சேர்த்துவிடலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அதே மாதிரி உள்ளூர் விஷயங்களையும் சொல்லி வைக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசம் வரும். கிளேர்வுட்டிலும் மௌண்ட் எட்ஜ்கம்பிலும் காவடி எடுக்க விரதம் இருக்கிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டு வருவார்கள், அல்லது சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மயங்கி வருவார்கள். விரதம் இருக்கிறீர்களா என்று கேட்கத் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். வேறு மாகாணத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றும்?

இனி, தமிழில் எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

நாம் படித்த ஊர்களில் சீஃப் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் வார்டே நடுங்கும். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் நோயாளி முன்னாலேயே வாங்கிக் கட்டிக்கொள்வோம். ராத்திரி சீஃபுக்குப் போன் போடுவது என்பது கனவில் கூட நடக்காது. அப்படி வளர்ந்தோம், நன்றாகத்தான் கற்றோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் ஒன்றை விட்டுவிடுகிறோம். அந்த வார்டில் நமக்கு, மேற்படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. அண்ணன் இருந்தார். ஒரு அக்கா இருந்தார். டியூட்டி ரூமில் அதே மாடியில் படுத்திருப்பார்கள். கதவைத் தட்டி, அண்ணா, பி.பி. இறங்குது, கொஞ்சம் வர்றீங்களா என்றால் சட்டையை மாட்டிக்கொண்டே வருவார்கள். சீஃபிடம் காட்ட வேண்டிய பயத்தையெல்லாம் அந்த அண்ணனும் அக்காவும்தான் நடுவில் நின்று தாங்கினார்கள். நாம் தப்பிப் பிழைத்ததும், நம் நோயாளிகள் பிழைத்ததும் அவர்களால்தான்.

இங்கே பல மருத்துவமனைகளில் இரவில் அந்த அண்ணன் இல்லை. அவர் மாதிரி மேற்படிப்பில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார்கள் இருப்பது பெரிய மருத்துவமனைகளில்தான். மற்ற இடங்களில் ஒரு மெடிக்கல் ஆபீசர் கேஷுவல்டியில் மாட்டிக்கொண்டிருப்பார், மேலே வார்டில் இன்டர்ன் மட்டும் நிற்பார். கன்சல்டன்ட் வீட்டில். ஊரிலிருந்து நாம் சீஃபின் அதட்டலை மட்டும் கொண்டுவந்திருக்கிறோம், அண்ணனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஒரு இன்டர்ன் இரவு இரண்டு மணிக்குப் போன் போட்டு, "டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தால், அந்தப் பிள்ளை போனைக் கையில் எடுத்து இருபது நிமிடம் யோசித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இருபது நிமிடம், தொற்று முற்றிய செப்சிஸ் நோயாளிக்குப் போயே போய்விட்டது. "இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளை உங்களைக் கூப்பிடாது. பக்கத்தில் நின்ற மற்ற இன்டர்ன்களும் கூப்பிட மாட்டார்கள், செய்தி அன்றைக்கே பரவிவிடும்.

சட்டப்படியும் பாருங்கள். இன்டர்ன் தனியாகத் தொழில் செய்யும் உரிமை பெற்றவர் கிடையாது. மேற்பார்வையில் வேலை செய்வதற்குத்தான் எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவத் தொழில் கவுன்சில் அவருக்குப் பதிவு கொடுத்திருக்கிறது. நாம் போனை எடுக்காத இரவில் நடந்ததற்கு அந்தப் பிள்ளையைக் கைகாட்டுவது நியாயமே இல்லை.

ஒரு சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அடிபட்டது நம் மக்கள். சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். பாட்டி விடியற்காலையில் வார்டில் போய்விட்டார். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அன்று மாலையே தகனம் செய்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள், பூசாரிக்கும் சொல்லியாயிற்று. மரண அறிவிப்புக்கான டிஎச்ஏ-1663 படிவத்தை நிரப்பியது வேலைக்கு வந்து சில நாளே ஆன ஒரு டாக்டர். மரணக் காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதியிருந்தார். யார் செத்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும், அதற்கு அடியில் இருந்த நோய் எழுதப்படவில்லை. பதிவு எண்ணும் விட்டுப்போயிருந்தது. இறுதிச் சடங்குக்காரர் படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். எழுதிய டாக்டர் இரவு முழுக்க விழித்துவிட்டு வீட்டுக்குப் போய் போனை அணைத்துப் படுத்துவிட்டார், அதில் தப்பும் இல்லை. வேறு யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. அந்தப் பாட்டியின் மகன், அறுபது வயதுக்காரர், காலணியைக் கூடப் போடாமல் நிர்வாக அலுவலக வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். தகனம் மறுநாள்தான் நடந்தது.

அந்தப் படிவத்தை நிரப்பிக் காட்ட அரை மணி நேரம் போதும். எந்தச் சாவு இயற்கைச் சாவு இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்: கீழே விழுந்து இடுப்பு உடைந்தவர் மூன்று வாரம் கழித்து நிமோனியாவில் போனாலும் அது தடயவியல் பிரிவுக்குத்தான் போக வேண்டும், மயக்க மருந்தில் இருக்கும்போது போனவரும் அப்படியே. புத்தகத்தில் படித்திருப்பார்கள். முதல் தடவை பேனாவைப் பிடிக்கும்போது, வெளியே குடும்பம் அழுதுகொண்டிருக்கும்போது, யாராவது தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 24 மணி நேரம் டியூட்டி, அதை அடுத்தவரிடம் ஒப்படைக்க அதிகபட்சம் 2 மணி நேரம் என்ற எல்லையை ரவுண்ட்ஸ் நீளுகிறது என்று மீறாதீர்கள். 2016இல் மேற்கு கேப்பில் நீண்ட டியூட்டி முடித்து வீட்டுக்குக் காரோட்டிப் போன ஒரு இன்டர்ன் வழியிலேயே விபத்தில் இறந்துபோனதை இந்த நாட்டில் எந்த டாக்டரும் மறந்திருக்க முடியாது. பெண் டாக்டர்கள் படுக்கும் ஆன்-கால் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத் தாள்கள் டிசம்பரிலேயே போகட்டும். மருந்து வழிகாட்டிச் செயலியை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், வார்டில் நெட் கிடைக்காது.

ஆள் இல்லை, எப்படி இரண்டு பேரைப் போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதே பற்றாக்குறைக்குள்தான் ரோட்டா போடுகிறேன். எங்களால் முடிந்தது இப்படி: முதல் இரண்டு வாரம் அவசரமில்லாத கிளினிக் நாட்களைக் குறைத்துவிடுகிறோம், மருந்துச் சீட்டுப் புதுப்பிக்க மட்டும் வருகிறவர்களை டிசம்பரிலேயே பார்த்து நீண்ட சீட்டு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதில் மிச்சமாகும் ஆட்களை இரவுக்கு நகர்த்துகிறோம். இரண்டாம் ஆண்டு இன்டர்ன்கள் முணுமுணுப்பார்கள் என்று பயந்தேன். முணுமுணுக்கவில்லை. தங்களுக்குக் கிடைக்காததைக் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது போலும்.

காலை ஒப்படைப்பையும் கொஞ்சம் சீராக்கினோம். யார் மோசமாக இருக்கிறார், என்ன நோய், என்ன வேலை பாக்கி, நிலைமை மாறினால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது. இந்த வரிசை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தது. 2014இல் வந்த முடிவுப்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. புதிதாக வந்தவருக்கு இதில் இன்னொரு லாபம், என்ன பேச வேண்டும் என்று தெரிந்துவிடுவதால் குரல் நடுங்குவது நிற்கிறது.

ஜனவரி ரோட்டாவை நீங்கள் இந்த வாரமோ அடுத்த வாரமோ போடப் போகிறீர்கள். முதல் இரண்டு வாரத்தின் ஒவ்வொரு இரவிலும் புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரையும் ஒரு போன் நம்பரையும் எழுதுங்கள். வேறு ஆள் கிடைக்காத இரவுகளில் உங்கள் பெயரையே எழுதுங்கள். நான் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு பொது மருத்துவர்